அரைக் கிலோ போதும் என்றார் அந்த அக்கா

மதுரை அண்ணா நகர் உழவர் சந்தை எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். 1999 நவம்பரில் தமிழ்நாட்டிலேயே முதலாவதாகத் திறந்த உழவர் சந்தை அது. இருந்தும் மூன்று வருடமாக நான் அந்தப் பக்கம் போகவில்லை. வேலை முடிந்து வர ராத்திரி எட்டரை ஆகிவிடும். சந்தையோ காலை வியாபாரம். அதனால் காய்கறியும் சூப்பர் மார்க்கெட்டில்தான்.

போன மாதம் அப்படி ஒரு தட்டு கத்திரிக்காய் வாங்கினேன். மேலே பிளாஸ்டிக் தாள் இறுக்கிச் சுற்றியிருந்தது, காயெல்லாம் பளபளவென்று இருந்தது. வீட்டில் நறுக்கினால் நாலில் மூன்று சொத்தை. திருப்பிப் பார்த்தால் அடியில் ஊசி குத்தினாற்போல ஓட்டை. கையில் எடுத்து உருட்டிப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். எனக்கு ரொம்பவே வருத்தமாகிவிட்டது.

மறுநாள் காலை ஆறரைக்குச் சந்தைக்குப் போனேன். அன்றைய விலையைப் பலகையில் எழுதிவைத்துவிடுவதால் பேரம் பேசுகிற வேலையில்லை. விளைவித்தவர்களே அடையாள அட்டை வாங்கிக்கொண்டு வந்து விற்கிறார்கள், கடைக்கு வாடகையும் கிடையாது. ஒரு அக்காவிடம் பச்சைக் கத்திரிக்காய் ஒரு கிலோ கேட்டேன். காம்பில் முள் இன்னும் குத்தியது.

"வீட்டுல எத்தனை பேரு?" என்றார்.

"மூணு பேரு, அக்கா."

"அப்ப அரைக் கிலோ போதும்ப்பா. வச்சிருந்தா வதங்கிப்போகும். தீந்ததும் வா."

இரண்டு கிலோ வாங்கினால் சலுகை என்று எழுதிவைக்கிற இடத்தில் இத்தனை நாள் வாங்கிப் பழகிய எனக்கு, விற்க வந்தவரே அளவைக் குறைத்துச் சொன்னது நெஞ்சைத் தொட்டது. குழம்புக்கா பொரியலுக்கா என்று கேட்டு, பிஞ்சாகப் பார்த்துப் பொறுக்கியும் கொடுத்தார்.

பருப்பு, எண்ணெய்க்கு இன்னமும் சூப்பர் மார்க்கெட்தான் போகிறோம். பாக்கெட்டில் விலையும் தேதியும் அச்சாகியிருக்கும், கையில் பில் இருக்கும். அப்புறம், மூட்டுவலிக்காரரான அப்பா அங்கே தள்ளுவண்டியைப் பிடித்தபடி நிதானமாக நடப்பார். சந்தை நெரிசலில் அவரைக் கூட்டிப்போக எனக்குப் பயம்.

கிளம்பும்போது அந்த அக்கா கூப்பிட்டார்: "செவ்வாக்கிழமை அவரை பறிக்கிறோம். வெள்ளனவே வந்துரு, ஏழரைக்கெல்லாம் தீந்துரும்."

அஞ்சே முக்காலுக்கு அலாரம் வைத்துவிட்டேன்.