முயல் கிளம்பாத கரிசல்

சென்ற மாசி மாதத்தில் ஒரு விடியற்காலை, கோவில்பட்டிக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் ஊர்ப் புஞ்சைகளின் வழியாக ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் நடந்தேன். பனி ஈரம் காயாத கரிசலில் கௌதாரி, மயில், கீரி, ஊர் நாய்கள் ஆகியவற்றின் தடங்கள் அச்சுக் குத்தியதுபோல் பதிந்திருந்தன. முயலின் தடம் ஓர் ஓடைக்கரையில் மட்டுமே கிடைத்தது: முன்னங்கால்கள் ஒன்றன்பின் ஒன்றாகவும், அவற்றைத் தாண்டிப் பின்னங்கால்கள் இரண்டும் பக்கத்தில் பக்கத்திலும் விழுந்த அந்தத் தடத்தை அடையாளம் காண எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் தாத்தா. அவர் காலத்தில் இதே வழியில் நடந்தால் ஓடை முடிவதற்குள் ஏழெட்டு முயல்களாவது கிளம்பும்.

காட்டு முயலை நேரில் கண்ட தருணங்களை நண்பர்கள் பலர் எழுதியிருப்பதைப் படித்தேன். வேட்டைக்காரர் வீட்டில் பிறந்தவன் என்ற முறையில் எனக்கும் சொல்ல வேண்டியவை இருக்கின்றன. அவற்றில் பெருமைப்பட முடியாதவையும் உண்டு என்பதால் இத்தனை நாள் தயங்கினேன்.

எங்கள் வீட்டில் எப்போதும் இரண்டு கன்னி நாய்கள் இருக்கும். ஒடுங்கிய வயிறும் நீண்ட கால்களும் கொண்ட கன்னி, சிப்பிப்பாறை ஆகிய நாட்டு நாய் இனங்கள் மோப்பத்தைவிடக் கண்ணையே நம்பி ஓடுபவை. திறந்த கரிசலில் முயலை விரட்டுவதற்காகவே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்க்கப்பட்டவை. 1980களின் பிற்பகுதியில், எனக்கு எட்டு ஒன்பது வயது இருக்கும்போது, அறுவடை முடிந்து காடு வெறுமையாகக் கிடக்கும் நாள்களில் தாத்தாவும் அவருடைய தம்பியும் என்னையும் அழைத்துச் செல்வார்கள். எங்கள் காட்டு முயல் வங்கு (மண்ணுக்குள் வளை) தோண்டுவதில்லை. உடைமரத்து நிழலிலோ புல் குத்தின் ஓரத்திலோ உடம்பளவுக்குத் தரையை அழுத்திக்கொண்டு, காதுகளை முதுகோடு ஒட்டவைத்துப் படுத்திருக்கும். இரண்டடி தூரத்தில் நின்றாலும் தெரியாது. மண்கட்டி என்றுதான் நினைப்போம். தாத்தா மட்டும் நின்று, பார்வையை அங்கே வைக்காமல் வேறு பக்கம் பார்த்தபடி, "இருக்கு" என்பார். நேராகக் கண்ணைப் பார்த்தால் அது கிளம்பிவிடும் என்பது அவர் அனுபவம். கிளம்பிய முயல் மேட்டை நோக்கித்தான் ஓடும், ஏனென்றால் நீண்ட பின்னங்கால்களுக்கு ஏற்றம் தோதானது. நாய் வாய் எட்டும் தூரத்துக்கு வந்ததும் அது வெட்டித் திரும்பும். வேகத்தை அடக்க முடியாத நாய் பத்தடி தள்ளிப் போய் நிற்கும். பெரும்பாலான ஓட்டங்களில் முயலே தப்பியது.

அந்த வேட்டைக்கு எழுதப்படாத ஒழுங்கு ஒன்று இருந்தது. மழைக்காலம் தொடங்கிவிட்டால் நாயை அவிழ்க்க மாட்டார்கள். பால் கட்டிய முயல் என்று தெரிந்தால் நாயைத் திரும்பக் கூப்பிடுவார்கள். ஒரு முறை களத்துமேட்டு ஓரம், சோளத்தட்டைக் குவியலுக்கு அடியில் ஒரு குட்டியைக் கண்டெடுத்து நான் வீட்டுக்குத் தூக்கிவந்தேன். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவுதான் இருந்தது. பிறந்து இரண்டு மூன்று நாள்கள்கூட ஆகியிருக்காது. ஆனாலும் உடம்பு முழுவதும் மயிர் இருந்தது, கண்கள் திறந்திருந்தன. அது சத்தமே போடவில்லை, அதன் நெஞ்சுத் துடிப்பு மட்டும் என் விரல்களில் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. தாத்தா என்னைத் திட்டவில்லை. "தாய் ராத்திரிலதான் வந்து பால் குடுக்கும். பகல்ல கிட்ட வராது. நீ அநாதைன்னு நெனச்சுட்ட" என்று சொல்லி, இருட்டுவதற்குள் அதே தட்டைக் குவியலுக்கு என்னைக் கூட்டிச்சென்று வைக்கச் சொன்னார். மறுநாள் போய்ப் பார்த்தபோது குட்டி அங்கே இல்லை. தாய் வேறு இடத்துக்குக் கூட்டிப்போயிருக்கும் என்று அவர் சொன்னதை நான் அப்படியே நம்பினேன். இன்றும் நம்பவே விரும்புகிறேன்.

நாங்கள் செய்தது சட்டப்படி குற்றம் என்பதை மறைக்க விரும்பவில்லை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தொடக்கத்தில் சிறு விலங்குகளை உரிமம் பெற்று வேட்டையாட ஒரு வழி வைத்திருந்தது. எங்கள் ஊரில் யாரும் அந்த உரிமத்தைக் கண்ணால் கண்டதில்லை. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வழியையும் அடைத்தது. கொல்வது மட்டுமே வேட்டை என்று பலர் நினைக்கிறார்கள். நாயை விட்டு விரட்டுவது, வலை விரிப்பது, கண்ணி வைப்பது, இவற்றுக்கு முயற்சி செய்வது ஆகிய அனைத்தும் சட்டத்தின் பார்வையில் வேட்டைதான். மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடம் இருக்கிறது. 25,000 ரூபாயாக இருந்த அபராத வரம்பை 2022ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு லட்சமாக உயர்த்திவிட்டது. பக்கத்து ஊரில் சிலர் பிடிபட்டதைக் கேள்விப்பட்ட வருடத்தோடு தாத்தா வேட்டையை நிறுத்தினார், அதன் பிறகு எங்கள் வீட்டில் யாரும் போனதில்லை.

இதைக் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முயல் குறைந்ததற்கு வேட்டை ஒன்றே காரணம் என்றால், நாய்க்காரர்கள் ஒதுங்கிய பிறகு முயல் பெருகியிருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் சில ஆண்டுகள் பெருகவும் செய்தது. உளுந்துச் செடியைக் கடித்துப் போடுகிறது என்று பெண்கள் குறைபட்டுக்கொண்டது எனக்கு நினைவிருக்கிறது. அதன் பிறகுதான், யாரும் விரட்டாமலே, அது குறையத் தொடங்கியது.

முதலில் போனது தரிசு. கம்பும் சோளமும் பருத்தியும் பயறும் மாற்றி மாற்றி விதைத்து, நடுவில் சில புஞ்சைகளைச் சும்மா போட்டுவைத்த பழக்கம் மறைந்து, கண்ணுக்கு எட்டியவரை மக்காச்சோளம் வந்தது. அதற்குக் களைக்கொல்லி அடித்ததில் வரப்போரத்து அருகும் கொழுக்கட்டைப் புல்லும் கருகின. முயலுக்கு மேயவும் மறையவும் இருந்தது அந்த வரப்போரம்தான். விதைக்காமல் விட்ட நிலத்தைச் சீமைக்கருவேலம் பிடித்துக்கொண்டது. மூடிக்கிடப்பதால் முயலுக்கு நல்லதுதானே என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். அடர்ந்த கருவேலத்துக்கு அடியில் புல் முளைப்பதில்லை. சுற்றிலும் பார்வையும் ஓட வழியும் இருக்கும் இடத்தில்தான் முயல் தைரியமாகப் படுக்கும். எஞ்சிய பொட்டல்களில் சில வீட்டுமனைகளாயின, சில சூரிய மின்தகடுகளுக்காகக் கம்பிவேலிக்குள் போயின. கோழிக் கழிவைத் தின்று பழகிய தெருநாய்கள் கூட்டமாகக் காட்டுக்குள் இறங்குகின்றன. அவற்றுக்கு மழைக்காலமும் தெரியாது, குட்டியும் தெரியாது.

வேட்டையும் ஒழிந்துவிடவில்லை, அதன் ஆட்கள்தான் மாறிவிட்டார்கள். நெற்றியில் எல்இடி விளக்கைக் கட்டிக்கொண்டு இரவில் பைக்கில் வருகிறார்கள். வெளிச்சம் கண்ணில் பட்டதும் முயல் உறைந்து நின்றுவிடுகிறது. அப்படி நிற்கும் உயிரை அடிப்பதில் ஓட்டமும் இல்லை, திறமையும் இல்லை, தப்பிப்பதற்கு அதற்கு ஒரு வாய்ப்பும் இல்லை. இதைச் செய்பவர்களை வேட்டைக்காரர் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. இருக்கும் கொஞ்சத்தையும் துடைத்துக்கொண்டு போவது இதுதான்.

ஐரோப்பாவில் முயல் அழிந்த விதத்தோடு இதைச் சிலர் ஒப்பிடுகிறார்கள். அங்கே மடிந்தது வங்கு தோண்டி வாழும் வேறு இனம். நாம் கூண்டில் வளர்ப்பதும் அந்த இனம்தான். 1952இல் பிரான்சில் ஒரு மருத்துவர் தம் பண்ணையில் முயலை ஒழிப்பதற்காக மிக்சோமா நச்சுயிரியைக் கொண்டுவந்து விட்டார். அது வேலி தாண்டிப் பரவி நாடு நாடாகக் கொன்றது. அவர் உழவர்களின் பாராட்டையும் வேட்டைக்காரர்களின் கடும் வெறுப்பையும் சேர்த்தே பெற்றார். நம் கரிசலில் நான் பார்த்த குறைவுக்கு நோய் காரணமாகத் தெரியவில்லை, நிலம் மாறியதே காரணம். வல்லநாட்டில் வெளிமானுக்காக 1987இல் அறிவிக்கப்பட்ட 16.41 சதுர கிலோமீட்டர் சரணாலயத்தின் ஓரமாக ஒரு மாலைப் பொழுதில் போனபோது, அரை மணி நேரத்தில் ஐந்து முயல்களைப் பார்த்தேன். கால் மணித் தொலைவில் உள்ள உழவுக்காட்டில் அன்று ஒன்றைக்கூடக் காணவில்லை.

பழைய வேட்டைக்காரர்களுக்கு இந்த இழப்பு எப்படிப்பட்டது என்பதைச் சின்னத்தாத்தாவிடம்தான் உணர்ந்தேன். அவருக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது. காற்றின் திசை, புழுக்கையின் ஈரம், புல் நுனியில் விழுந்த சாய்வான வெட்டு ஆகியவற்றை வைத்து முயல் எப்போது வந்து போனது என்று சொல்லும் அறிவு அவருக்கு இருக்கிறது; அதைக் கற்றுக்கொள்ளப் பேரப்பிள்ளைகளும் இல்லை, கற்றுக்கொடுக்க முயலும் இல்லை. அவர் வீட்டுக் கன்னிக் குட்டிகளுக்கு நகரத்தில் இருந்து ஆள்கள் வந்து நல்ல விலை கொடுக்கிறார்கள். நிறத்தையும் காதையும் பார்த்து வாங்குகிறார்கள். ஓடுமா என்று யாரும் கேட்பதில்லை என்றார். ஓடாத நாயிடமிருந்து குட்டி எடுத்துக்கொண்டே போனால் இன்னும் சில தலைமுறைகளில் தோற்றம் மட்டும் எஞ்சும் என்பது அவருடைய கவலை. அந்தக் கவலை நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆயினும் முயலைப் பலிகொடுத்து நாயைக் காப்பாற்ற முடியாது என்பதை அவரும் ஒப்புக்கொள்கிறார். பழைய வேட்டைக்காரர்கள் மாதம் ஒருமுறை நடந்து தடத்தையும் புழுக்கையையும் எண்ணி எழுதிவைத்தால், அந்தக் கணக்கு வேறு எவராலும் எடுக்க முடியாத கணக்காக இருக்கும் என்று நான் சொன்னபோது, அவர் மறுநாளே கிளம்பிவிட்டார்.

அன்று காலை ஓடைக்கரைத் தடத்தைப் பார்த்தபோது அவரும் உடன் இருந்தார். நாய் கயிற்றில் இருந்தது. குனிந்து ஒரு புழுக்கையை எடுத்து விரலால் நசுக்கினார். உமிபோல் உலர்ந்த புல்நார் உதிர்ந்தது. "ராத்திரியோடது" என்றார். இன்னும் நாற்பதடி நடந்திருப்போம், குத்துப் புல்லில் இருந்து முயல் கிளம்பியது. பிடரியில் அந்தக் கறுப்புத் திட்டு பளிச்சென்று தெரிந்தது. நாய் எழும்பியது. கிழவர் சட்டென்று மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் அதன் நெஞ்சைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். முயல் மேடேறி மறையும்வரை நாயின் உடம்பு நடுங்கிக்கொண்டே இருந்தது. அவர் கைகளும் நடுங்கின. பிறகு எழுந்து, வேட்டியில் ஒட்டிய கரிசலைத் தட்டிவிட்டு, "எழுதிக்கோ தம்பி, ஒண்ணு" என்றார்.