கேரவன் வேனில் கழிவுநீர் வாடை, அடைப்பு: சரிசெய்த விதம் சொல்லுங்க

கப்பலூர் பட்டறை
கேரவனாக மாற்றிய வேன்களில் சிங்க் "களக் களக்"னு சத்தம் போட்டா உடனே பைப்பைக் குடையாதீங்க. குளிச்ச தண்ணி வண்டிக்கு அடியில இருக்கிற கழிவுநீர் டேங்குக்குள்ள இறங்கும்போது, உள்ளே இருக்கும் காத்து போக்கிடம் இல்லாம சிங்க் வழியா ஏறுது. 60 லிட்டர் தண்ணி உள்ளே போனா 60 லிட்டர் காத்து வெளியே வந்தாகணும். டேங்கின் மேல்மூலையில இருந்து 32 எம்எம் பைப்பைக் கூரைக்கு மேல கொண்டுபோங்க. அதன் வாய் முன்பக்கம் பார்த்தா ஓட்டத்துல காத்து உள்ளே அமுக்கி, வாடையைச் சமையல் பக்கம் தள்ளிடும். எல்போ (வளைவு இணைப்பு) போட்டுப் பின்பக்கம் திருப்பணும்.

சிங்க்குக்குக் கீழே மாட்டுற ஒருவழி ஏர் வால்வு இதுக்கு மாற்று இல்லை. அது காத்தை உள்ளே மட்டும்தான் விடும். பி-டிராப்பில் (வாடையைத் தடுக்க சிங்க்குக்கு அடியில தண்ணி தேங்குற வளைவுப் பைப்) நிற்கும் தண்ணியை உறிஞ்சவிடாம காக்கும், அவ்வளவுதான்.

மேலூர் பிளம்பர்
அண்ணே சொன்னது சரி. அதுக்கப்புறமும் ஷவர் தட்டுல தண்ணி தேங்கினா சரிவைப் பாருங்க. மீட்டருக்கு 2 செ.மீ. சரிவை எல்லாரும் காலி வண்டியில வச்சுத்தான் அளக்குறாங்க. நல்ல தண்ணி டேங்க், பேட்டரி, சிலிண்டர் எல்லாம் பின்னால ஏறினதும் ஸ்பிரிங் பட்டை அமுங்கும். வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம்) 3.5 மீட்டர் உள்ள வண்டியில பின்பக்கம் 7 செ.மீ. இறங்கினா, முன்னோக்கி ஓடுற பைப்போட சரிவு மொத்தமும் போச்சு. முழு பாரத்தை ஏத்திட்டு ரசமட்டம் வைங்க. புதுசா கட்டுறவங்க கழிவுநீர் டேங்கை சிங்க்குக்குப் பின்பக்கமா வச்சா இந்தத் தொல்லையே வராது. திருப்பத்துல 90 டிகிரி எல்போ ஒண்ணுக்குப் பதிலா 45 டிகிரி பெண்டு ரெண்டு போடுங்க.

வத்தலக்குண்டு டிரைவர்
கொடைக்கானல் மலை ஏறும்போது ஷவர் வழியா அழுக்குத் தண்ணி மேல வர்றதுக்குக் காரணம் கழிவுநீர் டேங்குல பைப் நுழையிற வாய் இருக்கிற இடம். ஏத்தத்துல தண்ணி பூராவும் பின்சுவரில் போய்க் குவியும். வாய் அந்தச் சுவரில் இருந்தா ஷவர்தான் வழி, ஏன்னா வண்டியில தாழ்வான துவாரம் அதுதான். வாயை டேங்கின் மேல்பக்கம் நடுவில் வைங்க. முக்கால் டேங்க் ஆனதும் காலி பண்ணிட்டு மலை ஏறுங்க.

கப்பலூர் பட்டறை
இன்னொண்ணு ரொம்ப முக்கியம். சோறு வடிச்ச கொதிகஞ்சியை நேரா சிங்க்கில் ஊத்தாதீங்க. 40 எம்எம் பிவிசி அந்தச் சூட்டுல இளகி, ரெண்டு கிளாம்புக்கு நடுவே தொங்கிடும். தொங்கின இடத்துல கஞ்சி உறைஞ்சு, எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து பசையாப் பிடிக்கும். கழற்றிப் பார்த்தா உள்ளே விரல் நுழையிற அளவுதான் வழி இருக்கும். ரப்பர் வச்ச கிளாம்பு அரை மீட்டருக்கு ஒண்ணு போடுங்க, கஞ்சியைத் தனிப் பாத்திரத்துல ஆறவிடுங்க.

மேலூர் பிளம்பர்
ஹெச்டிபிஇ (ஒரு வகை பிளாஸ்டிக்) டேங்குல சால்வெண்ட் (பிவிசி பைப் ஒட்டுற பசை) ஒட்டாது. ரப்பர் வாஷரோட டேங்க் நிப்பிள் (டேங்க் துளையில மாட்டுற மரை இணைப்பு) போட்டு இறுக்கணும். டேங்குக்கும் பைப்புக்கும் நடுவே ஒரு சாண் ரப்பர் ஹோஸ், ரெண்டு முனையிலும் கிளிப். அது இல்லாட்டி குலுக்கல்ல நிப்பிள் கழுத்துல விரிசல் விடும். காலி பண்ண 1 அங்குலக் குழாய் பத்தாது; மண்ணும் பிசுக்கும் அடியில தங்கிடும். 2 அங்குல பால் வால்வு (ball valve) போட்டா ஒரே வேகத்துல அடிச்சுட்டுப் போகும்.

வத்தலக்குண்டு டிரைவர்
டேங்கைத் திறந்து விடும் இடம் கண்மாய்க்கரையோ வாய்க்காலோ வேண்டாம், மாடு குடிக்கிற தண்ணி அது. லாட்ஜில் கேட்டு, பாதாளச் சாக்கடை இணைப்புள்ள சேம்பரில் ஹோஸ் போட்டு விடுங்க.