இரவுப் பணியில் எத்தனை செவிலியர்? நீலகிரி அனுபவங்கள்

கூடலூர்ப் பக்கத்துச் செவிலியர்:

எங்கள் வார்டில் இரவுப் பணிக்கு இரண்டு பேர். நோயாளிகள் முப்பதுக்குக் குறைவதில்லை. யாருக்காவது நிலைமை மோசமானால் ஊட்டிக்கு, அங்கும் முடியாதென்றால் கோயம்புத்தூருக்கு அனுப்ப வேண்டும். ஆம்புலன்ஸில் எங்களில் ஒருவர் ஏறியாக வேண்டும். நடுவட்டம் ஏற்றத்தில் பனி மூடியிருந்தால் வண்டி ஊர்ந்துதான் போகும். போனவர் திரும்ப விடிந்துவிடும். அதுவரை வார்டில் ஒரே ஆள்.

அப்போதும் ஊசியும் மாத்திரையும் விடுபடுவதில்லை, அவற்றுக்குக் கையெழுத்துப் போட வேண்டுமே. விடுபடுவது வேறு. அசைய முடியாதவரைத் திருப்பிப் படுக்க வைப்பது விடுபடும். இன்சுலின் போடக் கற்றுத்தருவது விடுபடும். பணியர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து, பரம்பரை இரத்த நோயான அரிவாள் செல் சோகையோடு வந்த ஒரு பெண் வலியில் துடித்தபோது, பக்கத்தில் ஐந்து நிமிடம் நிற்க எனக்கு நேரம் இல்லை. இந்த வேலைக்கு வந்ததே அதற்காகத்தான். மனம் பொறுக்கவில்லை.

கோத்தகிரி வாசகர்:

அப்பாவுக்கு இடுப்பு எலும்பு அறுவை நடந்தபோது நான் கூடவே இருந்தேன். சிஸ்டர் உட்கார்ந்து பார்த்ததே இல்லை. டிரிப் தீர்ந்ததை நான்தான் போய்ச் சொன்னேன். பக்கத்துக் கட்டிலில் தேயிலைத் தோட்டத்துப் பாட்டி ஒருவர். கூட யாரும் இல்லை. அவருடைய டிரிப் தீர்ந்தால் யார் போய்ச் சொல்வார்கள்?

ஓய்வுபெற்ற செவிலியர் கண்காணிப்பாளர், குன்னூர்:

பொது வார்டில் 5 நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் 3 பேருக்கு ஒருவர், விடுப்பை ஈடுகட்ட 30 விழுக்காடு கூடுதல் ஆட்கள் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். அந்தக் கூடுதல் இடங்களை நிரப்பாமல் விட்டால், ஒருவர் பேறுகால விடுப்பில் போனதுமே எல்லாம் குலைந்துவிடும்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அறுவை நோயாளிகளை வைத்து லிண்டா ஐக்கன் குழு செய்த ஆய்வு 2002இல் வெளியானது. ஒரு செவிலியர் பார்க்கும் நோயாளிகளில் ஒருவர் கூடினால், 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடுவதாக அது கண்டது. ஒரு செவிலியருக்கு இத்தனை நோயாளிகள்தான் என்று கலிபோர்னியா 1999இலேயே சட்டம் இயற்றி, 2004 முதல் நடைமுறைப்படுத்தியது. அங்கே செவிலியர் சாப்பிடப் போகும் நேரத்திலும் அந்த விகிதம் குறையக் கூடாது. நாமோ மொத்தச் செவிலியரை மொத்தக் கட்டில்களோடு ஒப்பிட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். இரவு இரண்டு மணிக்கு வார்டில் யார் இருந்தார் என்பது அந்தக் கணக்கில் வராது.

கூடலூர்ச் சகோதரிக்கு ஒன்று சொல்கிறேன். நான் பொறுப்பில் இருந்தபோது, பணிப் பட்டியலில் ஆம்புலன்ஸுக்கென்று மூன்றாவது பெயரையும் எழுதுவேன். அவர் குடியிருப்பில் இருப்பார், அழைத்தால் வருவார். போய்வந்தால் மறுநாள் அவருக்கு விடுப்பு. ஆள் போதாததால் மழைக்காலத்தில் மட்டும்தான் அதைக் கடைப்பிடிக்க முடிந்தது. இப்போது எந்த மருத்துவமனையிலாவது ஆண்டு முழுவதும் அப்படி ஏற்பாடு இருந்தால், எப்படிச் செய்கிறார்கள் என்று விவரமாக எழுதுங்கள்.