ஒரே படம், வேறு வேறு வட்டு: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

வட்டுப்பிரியன்:

ஏதாவது ஒரு பழைய படம் 4கே என்னும் உயர்துல்லிய வட்டாகப் புதிதாக அறிவிக்கப்படும்போதெல்லாம் என் தம்பி கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இதுதான் உன்னிடம் ஏற்கெனவே இருக்கிறதே, மறுபடியும் எதற்கு?" வீட்டில் இதற்குப் பதில் சொல்வதை விட்டுவிட்டேன். இங்கே சொல்கிறேன். அறிவியல் புனைவுப் படங்களைப் பொறுத்தவரை, அட்டையில் ஒரே பெயர் இருக்கிறது என்பதற்காக உள்ளே இருப்பதும் ஒரே படம் என்று நம்பிவிட முடியாது.

ரிட்லி ஸ்காட்டின் 'பிளேடு ரன்னர்' 1982இல் திரைக்கு வந்தபோது படம் நெடுக ஹாரிசன் ஃபோர்டின் குரல் விளக்கம் சொல்லிக்கொண்டே போகும். முடிவில் காதலர் இருவரும் பச்சை மலைகளுக்கு நடுவே காரில் போவார்கள். அந்த மலைக்காட்சி, ஸ்டான்லி குப்ரிக் 'தி ஷைனிங்' படத்துக்காக எடுத்ததில் மிஞ்சியது! 1992 பதிப்பில் விளக்கக் குரலும் போயிற்று, மலையும் போயிற்று. புதிதாக ஒரு கனவு வந்தது. அதில் ஒற்றைக் கொம்புக் குதிரை ஒன்று ஓடுகிறது. அந்தச் சில நொடிகளால், செயற்கை மனிதர்களை வேட்டையாடும் நாயகனே மனிதன்தானா என்ற சந்தேகம் கிளம்பி இன்றுவரை அடங்கவில்லை. ஸ்காட் தன் விருப்பப்படி முழுமையாகச் செய்துகொள்ள முடிந்தது 2007இல் வந்த 'ஃபைனல் கட்'டில்தான். அதே ஆண்டில் வெளியீட்டுக்கு முந்தைய பணிப்பிரதி உட்பட ஐந்து வடிவங்களையும் ஒரே பெட்டியில் போட்டு வெளியிட்டார்கள்.

அந்தப் பெட்டி கைக்கு வந்ததும், சோரா என்னும் செயற்கைப் பெண் கண்ணாடிகளை உடைத்துக்கொண்டு ஓடிச் சாகும் காட்சியை இரண்டு வடிவங்களிலும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பழையதில் ஓடுவது நடிகை ஜோவான்னா காசிடி அல்ல, அவருக்குப் பதிலாக வந்த சண்டைக் கலைஞர். முகம் அப்பட்டமாகத் தெரியும். 2007 பதிப்புக்காகக் காசிடியை மறுபடி அழைத்து, அவர் முகத்தைப் படமெடுத்து, பழைய உடலில் பொருத்தியிருக்கிறார்கள். கால் நூற்றாண்டு கழித்து! செயற்கை மனிதர்களின் தலைவன் ராய் பேட்டி சாகும்போது அவன் கையிலிருந்து பறக்கும் புறாவும் அப்படித்தான். பழையதில் கொட்டும் மழையிலிருந்து கிளம்பி, அடுத்த நொடியே தெளிந்த வானத்துக்குள் பறக்கும். புதியதில் இருட்டுக்குள்ளேயே பறக்கிறது. நான் புதிய வடிவத்தின் கட்சிதான். ஆனாலும் அந்த அலுத்துப்போன விளக்கக் குரலுக்காக 1982ஐ அவ்வப்போது போட்டுக் கேட்பதுண்டு.

புதிய வட்டு என்றாலே மேல் என்றும் சொல்ல மாட்டேன். ஜேம்ஸ் கேமரூனின் 'ஏலியன்ஸ்' 2024 மார்ச்சில் 4கேயில் வந்தது. ஃபிலிமுக்கே உரிய துகள்களை மென்பொருளால் துடைத்தெடுத்திருக்கிறார்கள். நாயகி ரிப்லியின் முகம் அருகில் வரும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள்: வியர்வை இருக்கிறது, தோலைக் காணோம். 2010இல் வந்த, 4கேக்கு முந்தைய தலைமுறை வட்டான புளூ-ரேயை விற்காமல் வைத்திருப்பவர்கள் புண்ணியம் செய்தவர்கள்.

திருச்சிக்காரி:

அண்ணா, நீங்கள் புறாவுக்காகக் கணக்குப் பார்க்கிறீர்கள். எங்கள் வீட்டில் பூனைக்காகப் பஞ்சாயத்தே நடந்தது.

ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் 'கிகீஸ் டெலிவரி சர்வீஸ்', 1989 அனிமேஷன் படம். கிகி என்பவள் ஒரு சின்னச் சூனியக்காரி. 2020 பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் என்று மூன்று தவணைகளாக ஜிப்லி என்னும் அனிமேஷன் நிறுவனத்தின் 21 படங்கள் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தன அல்லவா, என் மகள் அதில்தான் பார்த்தாள், ஜப்பானிய ஒலியில். நியூ ஜெர்சியிலிருந்து விடுமுறைக்கு வந்த என் அண்ணன் மகன், ஆங்கில டப்பிங் இருந்த பழைய அமெரிக்க டிவிடியைத் தேயத் தேயப் பார்த்து வளர்ந்தவன். கிகியோடு பேசிக்கொண்டிருந்து நடுவில் நின்றுபோகும் கறுப்புப் பூனை ஜிஜி, கடைசியில் மறுபடி பேசுமா, பேசாதா? "பேசும், என் காதால் கேட்டிருக்கிறேன்" என்கிறான் அவன். "மியாவ் என்று மட்டும்தான் சொல்லும்" என்கிறாள் இவள். சாப்பாட்டுத் தட்டு காய்ந்துகொண்டிருக்கிறது, "அத்தை, நீங்களே சொல்லுங்கள்" என்று என்னை இழுக்கிறான்.

இரண்டு பேர் சொன்னதும் சரிதான். ஜப்பானிய மூலத்தில் பூனையின் பேச்சு கிகிக்குப் புரியாமல் போவது போனதுதான், திரும்பி வருவதில்லை. அவள் வளர்ந்துவிட்டாள், அவ்வளவே. 1998இல் அமெரிக்காவில் டப்பிங் செய்தவர்கள் முடிவில் பூனைக்கு ஒரு வசனத்தைச் சேர்த்துவிட்டார்கள். ஒற்றை வரிதான், படத்தின் அர்த்தமே திரும்பிக்கொண்டது. தொடக்கத்திலும் முடிவிலும் வரும் பாட்டுகளைக்கூட விட்டுவைக்கவில்லை. 2010இல் டிவிடியை மறுபடி வெளியிட்டபோது அந்த வசனத்தை நீக்கினார்கள்.

இதையெல்லாம் எடுத்துச் சொன்னால், "அப்படியென்றால் அது சோகப் படமாகிவிடுமே அத்தை" என்று பையன் முகம் வாடிவிட்டது. என் மகள் அசரவில்லை. "ஜிஜிக்குக் குட்டிகள் பிறந்துவிட்டன. கிகியோடு உட்கார்ந்து பேச அதற்கு ஏது நேரம்?" என்றாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவனுடைய டிவிடியைக் குப்பை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் படத்தைத்தானே அவன் நேசித்தான்.

விடுதி எண் மூன்று:

பாட்டை மாற்றியது என்றதும் எங்கள் விடுதிச் சண்டை நினைவுக்கு வருகிறது. 1995இல் தொடங்கிய 'நியான் ஜெனிசிஸ் எவாஞ்சலியன்' என்னும் ஜப்பானிய அனிமேஷன் தொடரில் ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் 'ஃபிளை மீ டு த மூன்' பாட்டு விதவிதமான குரல்களில் வரும். 2019 ஜூனில் இத்தொடர் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தபோது பாட்டு இல்லை, பியானோ இசைதான். நான் முதன்முதலில் பார்த்ததே அப்படித்தான், அந்த அமைதி எனக்குப் பிடித்துப்போயிற்று. என் சீனியர் அண்ணன் பழைய வட்டை மடிக்கணினியில் போட்டுக் காட்டி, "இதைக் கேட்காதவன் எவாஞ்சலியன் பார்த்ததாகவே சொல்லக்கூடாது" என்று தீர்ப்பு எழுதிவிட்டார். நான் இன்னும் பியானோ பக்கம்தான்.

கொழும்பு ஓய்வூதியர்:

தம்பிமாரே, உங்களுடைய படங்களிலாவது முழுப் பிரதி எங்கேயோ பத்திரமாக இருந்தது. ஃபிரிட்ஸ் லாங்கின் மௌனப் படமான 'மெட்ரோபோலிஸ்' 1927 ஜனவரியில் பெர்லினில் திரையிடப்பட்ட சில மாதங்களிலேயே வெட்டப்பட்டது. வெட்டிய பகுதிகள் தொலைந்தன. நான் முதலில் பார்த்தது வீடியோ கேசட்டில், அந்தக் குறைப் படத்தைத்தான். நாயகனோடு உடை மாற்றிக்கொள்ளும் 11811ஆம் எண் தொழிலாளி அப்புறம் எங்கே போனான் என்று அதில் தெரியவே தெரியாது.

2008இல் அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரஸ் நகரிலுள்ள திரைப்பட அருங்காட்சியகத்தில் 16 மில்லிமீட்டர் பிரதி ஒன்று வெளிப்பட்டது. அதிலிருந்து ஏறக்குறைய 25 நிமிடங்களை மீட்டு 2010இல் வெளியிட்டார்கள். லண்டனில் இருக்கும் மகன் புளூ-ரே அனுப்பிவைத்தான். மீட்ட பகுதி வந்ததும் சொல்லாமலே தெரிந்துவிடும்: சட்டகம் சற்றுச் சுருங்கும், மேலிருந்து கீழாகக் கோடுகள் அடைமழையாகக் கொட்டும். அந்தக் கோடுகளுக்குப் பின்னால்தான் 11811 காரில் ஏறுகிறான், யோஷிவாரா கேளிக்கை விடுதியின் விளம்பரத் தாள்களைப் பார்த்து மயங்குகிறான். கோடுகளை இன்னும் துடைத்திருக்கலாமே என்று மகன் சொன்னான். வேண்டாம், எது தொலைந்து கிடைத்தது என்று கண்ணுக்குத் தெரியட்டும்.

இன்னொன்று: வட்டோடு பிளேயரையும் சேர்த்தே அனுப்பச் சொன்னேன். ஒரு மண்டலத்துக்கென்று பூட்டிய புளூ-ரே வட்டு இன்னொரு மண்டலத்துப் பிளேயரில் ஓடாது. அதில் இலங்கையும் இந்தியாவும் சி மண்டலம், பிரித்தானியா பி, அமெரிக்காவும் ஜப்பானும் ஏ.

வட்டுப்பிரியன்:

ஐயா, 4கே வட்டுக்கு மண்டலப் பூட்டு கிடையாது, எந்த நாட்டிலிருந்தும் தைரியமாக வரவழைக்கலாம். அதே பெட்டிக்குள் கூடுதலாக வைக்கும் சாதாரண புளூ-ரேக்குப் பூட்டு இருக்கக்கூடும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வட்டுக்குச் சுங்கவரி எவ்வளவு வந்தது என்பதையும் சொன்னால் இங்குள்ளவர்களுக்கு உதவும்.

திருச்சி சகோதரிக்கு: மியாசாகியின் 'நௌசிகா' படத்துக்கு நேர்ந்ததைவிட ஜிஜிக்கு நேர்ந்தது சின்னக் கீறல்தான். 1985இல் அதிலிருந்து 20 நிமிடத்துக்கும் மேல் வெட்டி, 'வாரியர்ஸ் ஆஃப் த விண்ட்' என்று பெயரை மாற்றி அமெரிக்காவில் வெளியிட்டார்கள். அதன் வீடியோ கேசட்டைக் கண்ணால் பார்த்தவர் யாராவது இங்கே இருக்கிறீர்களா?