1.5 மி.மீ. ஐலெட் பின்பக்கம் இதழ் இதழாகக் கிழிகிறது: பொம்மைக் கவுனும் சப்பாத்தும்

தையல்பெட்டி_செந்தூல்
வணக்கம். 29 செ.மீ. பொம்மைக்கு முதுகில் கயிறு கோத்துக் கட்டுகிற கவுன் தைக்கிறேன். பக்கத்துக்கு 6, மொத்தம் 12 ஐலெட் (கயிறு கோக்கும் துளையில் போடுகிற உலோக வளையம்). உள்துளை 1.5 மி.மீ., தண்டு (துளைக்குள் நுழையும் குழாய்ப் பகுதி) நீளம் 2.5 மி.மீ., பித்தளை. துணி ரெண்டு மடிப்புக் காட்டன். செட்டர் (தண்டை விரித்து மடிக்கிற உலோகக் கருவி) வைத்துத் தட்டினால் தண்டு சுருளாமல் மூணு நாலு இதழாகக் கிழிந்து நிற்கிறது, கயிற்றையும் அறுக்கிறது. மெதுவாகத் தட்டினால் ஐலெட் ஆடுகிறது, இழுத்தால் கையோடு வந்துவிடுகிறது. செட்டர், கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பக்கம் வாங்கிய 4 மி.மீ. ஐலெட் பெட்டியில் வந்தது. இதே ஐலெட்டை ரெக்சின் சப்பாத்திலும் போடணும். எங்கே தப்பு?

குத்தூசி_பட்டர்வொர்த்
தட்டுகிற பலத்தில் தப்பில்லை, தண்டு நீளத்தில்தான். ஐலெட்டைத் துளையில் நுழைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டு, உள்துளை அளவில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு இருக்க வேண்டும். உங்கள் அளவுக்கு 0.8 முதல் 1 மி.மீ. இரண்டு மடிப்புக் காட்டன் அரை மி.மீ.கூட வராது, ஆக 2 மி.மீ. வெளியே நிற்கிறது. அவ்வளவு தகடு மடிய இடமில்லாமல் கிழிகிறது.

தண்டைக் குறைக்க ஒரு எளிய வழி: காலாவதியான வங்கி அட்டை 0.76 மி.மீ. தடிமன். இரண்டு அட்டையை ஒட்டி, தண்டு இறுக்கமாக நுழையும் அளவுக்குத் துளை போடுங்கள். ஐலெட்டை நுழைத்து, மறுபக்கம் நீட்டுவதை 400 நம்பர் உப்புத்தாளில் அட்டை மட்டத்துக்குத் தேய்த்துவிடுங்கள். 1.5 மி.மீ. தண்டு மிஞ்சும். தேய்த்த விளிம்பில் பிசிறு இருக்கும், அதை ஊசி முனையால் உட்புறம் ஒரு சுற்றுச் சுற்றி எடுத்துவிட வேண்டும். பிசிறோடு அடித்தால் அந்த இடத்திலேயே மறுபடி கிழியும்.

அடுத்தது செட்டர். 4 மி.மீ. செட்டரின் முனை 1.5 மி.மீ. துளைக்குள் இறங்காது. விரிக்க வேண்டிய தண்டை அது மேலிருந்து நசுக்குகிறது. சின்ன செட்டர் கிடைக்காவிட்டால் கான்கிரீட் ஆணி போதும். நுனியை மழுங்கிய கூம்பாகத் தேய்த்து, முதலில் அதைத் துளையில் வைத்து இரண்டு தட்டு. வாய் எக்காளம் போல் விரியும். பிறகு தட்டையான முனையுள்ள இன்னொரு ஆணியால் லேசாகப் படியவையுங்கள். தட்டுக்குத் தட்டு ஆணியைக் கால் சுற்றுத் திருப்பினால் ஒரு பக்கமாகச் சாயாது. 100 கிராம் சுத்தியல் தாராளம். துளையை 2 மி.மீ. பஞ்ச் (துளை வெட்டும் கருவி) வைத்துப் போடுங்கள்.

ஊசிநூல்_பினாங்கு
அண்ணன் சொன்ன நீளக் கணக்கு சரி. ஆனா துணிக்கு பஞ்ச் வேண்டாம், அது ரெக்சினுக்கும் தோலுக்கும்தான். பஞ்ச் இழையை வெட்டிடும். கயிறு இழுக்க இழுக்க வெட்டின இழை நழுவி, ஐலெட் முழுசா வெளியே வந்துடும். உங்களுக்கு ஐலெட் கையோடு வர்றதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். குத்தூசியைச் சுழற்றிச் சுழற்றி இறக்குங்க, இழை அறுபடாம விலகி நிக்கும். தண்டு கொஞ்சம் சிரமப்பட்டு நுழையணும். சுலபமா விழுந்தா துளை பெரிசு.

குத்துறதுக்கு முன்னாடி ரெண்டு மடிப்புக்கும் நடுவுல, இஸ்திரி போட்டு ஒட்டுற கேன்வாஸை 1 செ.மீ. பட்டையா வைங்க. எல்லாம் சேர்ந்து முக்கால் மி.மீ. பக்கம் வரும், 1.5 மி.மீ. தண்டுக்கு அது பொருத்தம். துளை ஓரத்துல நிறமில்லாத நகப்பூச்சு ஒரு பொட்டு, குண்டூசித் தலையால தொட்டு வைங்க. தூரிகையால வைச்சா பரவிக் கறையாத் தெரியும்.

ஐலெட் மையம் துணி ஓரத்துலேர்ந்து 4 மி.மீ., ஒண்ணுக்கொண்ணு 7 மி.மீ. ரெண்டு பக்கத்தையும் மேல மேல வைச்சு ஒரே குத்துல அடையாளம் போடுங்க, தனித்தனியா அளந்தா கயிறு கோணிக்கும்.

அடியில என்ன வைக்கிறீங்கன்னு சொல்லலையே? ரப்பர் பாயில வைச்சா அடி உள்ள போயிடும். அம்மியும் ஆகாது, கொத்தின புள்ளியெல்லாம் ஐலெட் முகத்துல பதிஞ்சிடும். வழவழப்பான கிரானைட் துண்டு மேல மெல்லிய தோல் ஒண்ணு போட்டு அடிங்க.

தோல்வேலை_கிள்ளான்
சப்பாத்துக்கு ஒரே விதி: அடிப்பாகம் ஒட்டுவதற்கு முன், மேல்பாகம் தட்டையாக இருக்கும்போதே ஐலெட் போட்டு முடித்துவிட வேண்டும். வடிவம் வந்த பிறகு 3 செ.மீ. சப்பாத்துக்குள் எந்த அடிகல்லும் நுழையாது. ரெக்சின் தனியாக இருந்தால் இழுபட்டுத் துளை நீள்வட்டமாகிவிடும். உள்பக்கம் மெல்லிய காட்டன் ஒட்டிக் காயவிட்டுத் துளை போடுங்கள். பக்கத்துக்கு 3 ஐலெட், 4 மி.மீ. இடைவெளி போதும். கயிற்றுக்கு ஆறிழைப் பூவேலை நூலில் மூன்றிழை. முனையை சூப்பர் குளுவில் நனைத்து, காய்ந்ததும் சாய்வாக வெட்டினால் ஊசியே வேண்டாம்.

ஐலெட்டில் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு. நம் ஊர் ஈரத்தில் துரு வெள்ளைத் துணியில் இறங்கினால் போகாது. பித்தளை துருப்பிடிக்காது, ஆனால் அதிலுள்ள செம்பு வினைல் உடம்பில் பச்சைக் கறை வைக்கும். 1960களின் பார்பி பொம்மைகளுக்கு உலோகத் தோட்டால் காது பச்சையானது இப்படித்தான். முதுகுக் கயிற்றுக்கு அடியில் ஒரு துணி நாக்கு வைத்துத் தைத்துவிடுங்கள், உலோகம் உடம்பைத் தொடாது.

தையல்பெட்டி_செந்தூல்
மிச்சத் துணியில் தேய்த்த ஐலெட் நாலு போட்டுப் பார்த்தேன், ஒன்றும் கிழியவில்லை. நன்றி. சப்பாத்துக்கும் ரெண்டு அட்டை அளவேதானா? காட்டன் ஒட்டிய ரெக்சின் 1.2 மி.மீ. வருகிறது.

குத்தூசி_பட்டர்வொர்த்
இல்லை, அதற்கு மூன்று அட்டை. 2.3 மி.மீ. தண்டு கிடைக்கும், பின்னால் 1.1 நீட்டும், 1 மி.மீ.யைவிட இந்தச் சின்ன வித்தியாசத்தால் கிழியாது. இரண்டு அட்டை அளவில் தேய்த்தால் 0.3 மி.மீ.தான் மிஞ்சும், பிடிக்காது. கவுனுக்கும் சப்பாத்துக்கும் தேய்த்ததைத் தனித்தனி டப்பாவில் போட்டு வையுங்கள், கலந்துவிட்டால் கண்ணால் பிரிப்பது கஷ்டம்.