பத்தாவதோட நின்னுட்டேன், 44 வயசுல வக்கீலுக்குப் படிக்க வழி இருக்கா?

வில்லாபுரம் டெய்லர்:
எல்லாருக்கும் வணக்கம். பொறந்தது உசிலம்பட்டிப் பக்கம், வாக்கப்பட்டது மதுரை வில்லாபுரம். 1997ல பத்தாவது பாஸ் பண்ணேன், பதினொண்ணுக்கு பஸ்ஸேறிப் போகணும்னதும் அப்பா வேணாம்னுட்டாரு, அதோட முடிஞ்சது. இப்ப வீட்லயே பிளவுஸ், சுடிதார் தைக்கிறேன், முகூர்த்த மாசம்னா தூக்கமே கிடையாது.

அப்பா தவறுனப்புறம் நிலத்துல பாகம் கேட்டு நானும் தங்கச்சியும் கேஸ் போட்டிருக்கோம். போனா வாய்தா, மறுபடி போனா மறுபடி வாய்தா, குமாஸ்தா ஏதோ சொல்லுவாரு, நாங்க தலைய ஆட்டிட்டு வந்துருவோம். ஒருநா பிராது காப்பிய கேட்டு வாங்கிட்டு வந்து ராத்திரி உக்காந்து வாசிச்சேன், பாதிதான் புரிஞ்சுச்சு, ஆனா கீழ வைக்க மனசு வரல. அப்ப புடிச்ச கிறுக்குதான் இது.

மக காலேஜ் படிக்குது, படிம்மாங்குது. வீட்டுக்காரரு "பேரன் பேத்தி எடுக்குற வயசுல என்னத்துக்கு"ன்னு வையுறாரு. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சென்டர்ல விசாரிச்சா 30 ஆயிரம் கட்டுங்க, ப்ளஸ் டூ, டிகிரி ரெண்டும் வெரசா வாங்கித் தந்துருவோம்ங்கிறாங்க. நம்பலாமா? இல்ல நேர் வழின்னா எங்கருந்து ஆரம்பிக்கணும்?

டியூசன் வாத்தியார்:
அக்கா, மொதல்ல அந்த சென்டருக்கு ஒத்த ரூபா கட்டாதீங்க. "வாங்கித் தர்றோம்"னு சொல்றவன்ட்ட சர்டிபிகேட்டு கிடைக்கும், அது சரிபார்ப்புல நிக்காது, அப்புறம் நீங்களே கேஸ்ல மாட்டுவீங்க.

நேர் வழி ரெண்டு இருக்கு. ஒண்ணு நம்ம ஸ்டேட் போர்டு, தனித்தேர்வரா எழுதுறது. தமிழ் மீடியம், ஆறு பாடம், ஒவ்வொண்ணுலயும் 35 எடுத்தா பாஸ். வரலாறு, பொருளாதாரம், வணிகவியல்னு பிராக்டிகல் இல்லாத குரூப்பா எடுத்துக்கங்க, புத்தகம் நெட்லயே சும்மா கிடைக்குது. இப்ப பதினொண்ணாவது விதிமுறை மாறிக்கிட்டு இருக்குறதால, தேர்வுத் துறை சேவை மையத்துல நேர்ல கேட்டு இந்த வருஷ விதிப்படி அப்ளை பண்ணுங்க.

இன்னொண்ணு என்.ஐ.ஓ.எஸ்., மத்திய அரசோட திறந்தநிலைப் பள்ளி, 1989லருந்து நடக்குது. மேல் வயசு வரம்பே கிடையாது. அஞ்சு பாடம், வருஷத்துக்கு ரெண்டு தடவ பரீட்சை, பதிவு அஞ்சு வருஷம் செல்லும், அதனால முகூர்த்தம் ஓஞ்ச நேரம் பாத்து ஒண்ணு ரெண்டு பாடமா எழுதிக்கலாம். சட்ட அறிமுகம்னே ஒரு பாடம் இருக்கு. ஆனா தமிழ்ல புத்தகம் கிடைக்குற பாடம் எதெதுன்னு பாத்துட்டு எடுங்க. என்னையக் கேட்டா உங்களுக்கு ஸ்டேட் போர்டுதான் தோது, பத்தாவது வரைக்கும் தமிழ்ல படிச்ச கை.

கறுப்புக்கோட்டு:
மதுரை கோர்ட்லதான் பிராக்டிஸ் பண்றேன், அந்தக் கணக்குல சொல்றேன். ப்ளஸ் டூ எழுதாம நேரா திறந்தநிலைப் பல்கலைல டிகிரி வாங்கிறலாம்னு யாராவது சொன்னா காதுலயே போட்டுக்காதீங்க, வக்கீல்களுக்கான பார் கவுன்சில் விதிப்படி அந்த டிகிரிய வச்சு சட்டப் படிப்புல சேர முடியாது, 2009ல வந்த அரசாணைப்படி தமிழ்நாட்டு அரசு வேலைக்கும் ஆகாது. ப்ளஸ் டூ முறையா முடிச்சுட்டு டிகிரிய தபால்ல படிக்கலாம், அது தப்பில்ல. இக்னோ, அதாவது மத்திய அரசோட திறந்தநிலைப் பல்கலைக்கு, மதுரையிலயே மண்டல மையம் இருக்கு, ஜனவரி ஜூலைன்னு ரெண்டு சேர்க்கை.

எல்.எல்.பி.ங்கிற சட்டப் படிப்பு மட்டும் தபால்ல கிடையவே கிடையாது. மூணு வருஷமும் பகல் கிளாஸ், 70 சதவீதம் வருகை வேணும். தையல் வருமானம் அந்த மூணு வருஷம் அடி வாங்கும், இத இப்பவே வீட்ல பேசி வச்சுக்கங்க. டிகிரில 45 சதவீதத்துக்குக் கீழ இறங்கிறாதீங்க. முடிச்சப்புறம் வக்கீலா பதிவு பண்ற கட்டணம் பெரிய தொல்லையா இருந்துச்சு, 2024 ஜூலைல சுப்ரீம் கோர்ட் பொதுப் பிரிவுக்கு 750, எஸ்.சி., எஸ்.டி.க்கு 125 ரூபாய்க்கு மேல வாங்கக் கூடாதுன்னுருச்சு. பாஷைக்கும் பயப்படாதீங்க, கீழ் கோர்ட்ல தமிழ்ல வாதாடலாம், ஒத்தக்கடைப் பக்கம் ஹைகோர்ட் கிளைக்குப் போனாத்தான் இங்கிலீஷ்.

இதுக்கெல்லாம் முன்னாடி ஒண்ணு செய்யுங்க. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல சட்டத் தன்னார்வலர் எடுக்குறப்ப அப்ளை பண்ணுங்க, பத்தாவதே போதும், பயிற்சியும் அவங்களே குடுப்பாங்க. கோர்ட்டு உங்களுக்குப் புடிக்குதா, இல்ல உங்க கேஸ் மேல இருக்குற கோவம்தானான்னு அங்க தெரிஞ்சுரும். இன்னொண்ணு, 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தோட 12வது பிரிவுப்படி பொம்பளைங்களுக்கு வருமானக் கணக்கு பாக்காம இலவச சட்ட உதவி உண்டு, உங்க பாகக் கேஸுக்கே கேக்கலாம். பாதிப் பேருக்கு இது தெரியாது, தெரிஞ்சவங்களும் சொல்றதில்ல.

அவனியாபுரம் தம்பி:
தப்பா நெனைக்காதீங்கக்கா, ப்ளஸ் டூ, டிகிரி, லா எல்லாம் கூட்டுனா எட்டு வருஷத்துக்குக் கொறையாது, அப்ப உங்களுக்கு 52. அதுக்கப்புறம் ஜூனியரா ஒருத்தர்ட்ட நின்னு எப்ப சம்பாதிக்கிறது? இந்தக் காச பிள்ள படிப்புக்குப் போடலாம்ல?

மேலூர்க்காரி:
தம்பி, படிக்காம இருந்தாலும் அவங்களுக்கு 52 வரத்தான் போகுது. ஆம்பளைங்க 50 வயசுல கட்சி, காண்ட்ராக்ட்டுன்னு புதுசா இறங்குனா மட்டும் யாரும் வயசக் கூட்டிப் பாக்குறதில்ல.

மதினி, நானும் கல்யாணத்துக்கப்புறம் தபால்ல பி.ஏ. தமிழ் முடிச்சவதான். கேரளாவுல கார்த்தியாயினி அம்மா 96 வயசுல எழுத்தறிவுப் பரீட்சை எழுதி 98 மார்க் வாங்குனத ஆளாளுக்கு அனுப்புவாங்க, நல்ல விசயம்தான், ஆனா அந்த வயசுல அந்தம்மாவுக்கு விடியக்காலைல நாலு டப்பா கட்டுற வேல இருந்திருக்காது. நமக்கு இருக்கு. அதனால நேரம் கிடைக்கும்போது படிப்போம்னு இருந்தா கிடைக்கவே கிடைக்காது, டப்பா கட்டி முடிச்சதும் ஒரு மணி நேரம் மிஷின்ல உக்காராம புத்தகத்துல உக்காருங்க, கஸ்டமருக்கு பத்து மணிக்கு மேலதான் கடைன்னு போர்டு போட்டுருங்க. வீட்ல முடியலன்னா நத்தம் ரோட்டுல கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கு, 2023ல தொறந்தது, ஏசி, யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க, நம்ம புத்தகத்த வச்சுப் படிக்கவும் எடம் இருக்கு.

அப்புறம் கண்ண டெஸ்ட் பண்ணுங்க. ஊசில நூல் கோக்க கஷ்டப்படுறீங்கன்னா கொஸ்டின் பேப்பரும் அப்படித்தான் மங்கும். மூணு மணி நேரம் எழுதி நமக்குப் பழக்கம் விட்டுப் போச்சு, கட்ட விரல் கழண்டுரும், தினம் ரெண்டு பக்கம் சும்மாவாச்சும் எழுதுங்க. வீட்டுக்காரர்ட்ட வக்கீல்னு இப்ப சொல்லாதீங்க, ப்ளஸ் டூ மட்டும்னு சொல்லுங்க. பாஸாகி மார்க் ஷீட்டு வந்தப்புறம் அவரே தெருவுல சொல்லிட்டு வருவாரு, எங்க வீட்ல அதான் நடந்துச்சு.

வில்லாபுரம் டெய்லர்:
அம்புட்டுப் பேருக்கும் நன்றி. சென்டருக்கு போன் பண்ணி வேணாம்னுட்டேன், அவன் 20க்கு இறங்கி வர்றான். தம்பி கேட்டதும் நியாயம்தான், ஆனா மக பீஸ்ல நான் கை வைக்கப் போறதில்ல, இது என் தையக்காசு. இலவச சட்ட உதவிய எங்க வக்கீல் ஒரு வார்த்த சொல்லலையே, அத நெனச்சாத்தான் எரியுது. இன்னொரு சந்தேகம், மார்க் ஷீட்ல அப்பா இனிஷியல், ஆதார்ல வீட்டுக்காரரு இனிஷியல். இது பிரச்சன ஆகுமா?

டியூசன் வாத்தியார்:
ஆகும்க்கா, எல்லாருக்கும் அங்கதான் இழுக்கும். மார்க் ஷீட்ல எப்படி இருக்கோ எழுத்துக்கு எழுத்து அதே பேர்ல அப்ளை பண்ணுங்க, ஆதார அதுக்கு ஏத்தாப்ல மாத்திருங்க, மார்க் ஷீட்ட மாத்தக் கெளம்பாதீங்க, அது நீண்டுக்கிட்டே போகும். கல்யாணப் பதிவுச் சான்று இருந்தா ஒரு காப்பி கூட வச்சுக்கங்க. அந்தப் பழைய மார்க் ஷீட்ட லேமினேஷன் மட்டும் பண்ணிறாதீங்க.