இதயத்தில் ஓட்டை உள்ள பிள்ளைக்குப் பக்கவாதம் வருமா? பார்த்தவங்க சொல்லுங்க

தங்கச்சிமடம் அத்தை:

வரலாம். என் தம்பி மகனுக்கு நாலு வயசுல வந்துச்சு. பிறவியிலேயே ஃபேலோ கோளாறு, அதாவது இதயத்துல ஓட்டையோட நுரையீரலுக்கு ரத்தம் போற வழியும் குறுகியிருக்கும். கொஞ்சம் ஓடினாப் போதும், உதடு நாவப்பழம் தின்ன மாதிரி ஆயிரும். மணல்லயே குத்த வச்சு, முழங்காலை நெஞ்சோட சேர்த்து உட்கார்ந்துக்குவான். யாரும் சொல்லிக் குடுக்கல. அப்படி உட்கார்ந்தா நுரையீரலுக்குக் கூடுதலா ரத்தம் போகும்னு டாக்டர் பிறகு சொன்னாரு.

மீன்பிடித் தடைக்கால வெயில்ல ஒரு நாள் வாந்தி, வயித்துப்போக்கு. மறுநாள் காலையில வலது கையில குடுத்த இட்லித் துண்டு நழுவி விழுது. எடுத்துக் குடுத்தா மறுபடியும் விழுது. வாய் ஒரு பக்கமா இழுத்திருந்துச்சு. பக்கத்து வீட்டுல “காத்துக் கருப்பு பட்டிருக்கும், கயிறு மந்திரிங்க”ன்னாங்க. தம்பி பொண்டாட்டி காதுலயே போட்டுக்காம 108க்குப் போன் பண்ணிட்டா. பாம்பன் பாலம் தாண்டி ராமநாதபுரம், அங்க இருந்து மதுரை. ஸ்கேன்ல மூளையோட இடது பக்கம் ரத்தக்குழாய் அடைச்சிருக்குன்னு வந்துச்சு.

நமக்கெல்லாம் கால் ரத்தக்குழாய்ல சின்னதா ரத்தம் கட்டினா நுரையீரல் வடிகட்டிரும். இவனுக்கு அது ஓட்டை வழியா இடது பக்கம் தாண்டி நேரா மூளைக்கே போயிரலாம். போதாததுக்கு, ஆக்சிஜன் பத்தாததால உடம்பு சிவப்பணுவை அதிகமா உண்டாக்கி ரத்தம் ஏற்கெனவே கெட்டியா இருக்கு. வயித்தால போய் தண்ணிச்சத்தும் இறங்கினா கேக்கணுமா? அவனுக்கு ஹீமோகுளோபின் 19. “ரத்தம் நல்லா ஊறியிருக்கு”ன்னு வீட்டுல பெருமைப்பட்டோம்! அது நோயோட அடையாளமாம். 19 இருந்தும் உள்ளுக்குள்ள இரும்புச்சத்துக் குறைவு இருக்கலாமாம், அதுவும் பக்கவாதத்துக்கு வழி விடுமாம். இதைக் கேட்டப்போ எனக்குத் தலையே சுத்துச்சு.

பெரியபட்டினம் உம்மா:

லாத்தா, எங்க புள்ளைக்கும் நீலம் பாயுற கோளாறுதான். காய்ச்சல், விடாத தலைவலி, அப்புறம் ஒரு கால் இழுத்துச்சு. நாங்களும் பக்கவாதம்னுதான் நினைச்சோம். ஸ்கேன் எடுத்தா மூளையில சீழ்க்கட்டி. ரத்தத்துல இருக்குற கிருமியும் நுரையீரல்ல நிக்காம அதே ஓட்டை வழியாத்தான் மேல போகுதாம். சொத்தைப் பல்லைக்கூட சும்மா விடக்கூடாதுன்னாங்க. இப்ப ராத்திரி பல் விளக்காம படுக்க விடுறதில்ல.

மூக்கையூர் போட்டுக்காரன்:

என் மகளுக்கு ஆபரேஷனை ஒட்டி வந்துச்சு. இதயத்தை நிறுத்தி மெஷின்ல ரத்தம் ஓடுற நேரத்துல இப்படி ஆகலாம்னு கையெழுத்து வாங்கும்போதே சொல்லிட்டாங்க. ஆனா ஆபரேஷன் பண்ணாம விட்டா ஆபத்து கூடிக்கிட்டேதான் போகும். காப்பீட்டு அட்டைதான் செலவைத் தாங்குச்சு.

இடது கை சரியா வரல. பிசியோதெரபி மேடம் நல்ல கையைத் தினமும் கொஞ்ச நேரம் துண்டால கட்டி வைக்கச் சொன்னாங்க. பாவமா இருக்கும், அழுவா. அவ அம்மா தட்டுல சிப்பியைப் பரப்பி ஒன்னொன்னா கிண்ணத்துல போட வைப்பா. இப்ப சட்டைப் பொத்தானை அவளே போட்டுக்கிறா. மேல் பொத்தானுக்கு மட்டும் இன்னும் என்கிட்ட வர்றா.

தொண்டி நர்ஸ்:

கைக்குழந்தைகளுக்குப் பல நேரம் கை கால் விழுறது தெரியாது, வெறும் வலிப்பா மட்டும் வரலாம். காய்ச்சல் வலிப்புன்னு நினைச்சுட்டு உட்கார்ந்துராதீங்க. அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவை டாக்டர் குழு வரும், சந்தேகம் இருந்தா அவங்ககிட்ட காட்டலாம். கை நழுவுறது, வாய் கோணுறது, பேச்சுக் குழறுறது மாதிரி இருந்தா மட்டும் அவங்களுக்காகக் காத்திருக்காதீங்க, நேரா 108.

இன்னொன்னு. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ஊசி போடுறதுக்கு முன்னாடியே “இதயத்துல ஓட்டை, நீலம் பாயுற பிள்ளை”ன்னு சொல்லிருங்க. டிரிப்ஸ் டியூப்ல சின்னக் காத்துக்குமிழி இருந்தா மத்த பிள்ளைக்கு நுரையீரலோட நின்னுரும், இந்தப் பிள்ளைக்கு மூளைக்குப் போகலாம். அதனால டியூப்ல காத்து இல்லாம பார்த்துப் பார்த்துத்தான் ஏத்துவோம். வயித்துப்போக்குன்னா உப்புச் சர்க்கரைக் கரைசல் குடுத்துக்கிட்டே கிளம்பி வாங்க. பழைய எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டையும் எடுத்துட்டு வாங்க.